பீரங்கிக்குப் பத்தியம்

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. அந்தக் கைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடி, கிட்டத்துல பார்வை மங்கல். ம்... இதுதான் நீ டெக்சாஸ்ல வாங்கின ரிவால்வரா? 44 மேக்னம்னா சொன்னே? ஒண்ணே கால் கிலோவுக்கு மேல எடையா! அந்த எடைக்குப் பாலக்கோடு பக்கம் நல்ல மல்கோவா மூணு வரும். அதுக்கு லைசென்சும் வேண்டாம், காதுல பஞ்சும் வேண்டாம்.

சரி, வாங்கி என்ன பண்றே? கரடி சுடறியா? இல்ல. பன்னி? அதுவும் இல்ல. காகிதத்துல வட்டம் போட்டு அதைச் சுடறே. அந்தக் காகிதம் உன்னை என்னப்பா பண்ணுச்சு?

அதோட விட்டியா? வாங்கின முதல் நாளே மணிக்கட்டு வீங்கிப்போய், ராத்திரி ராத்திரி கார் ஷெட்டுல உக்காந்துக்கிட்டு, காலிக் கூட்டைப் பொறுக்கி, கழுவி, புது கேப்பு வச்சு, மருந்தைக் கொறைச்சுக் கொறைச்சுப் போட்டு, அந்தப் பீரங்கியைச் சாதுவாக்கிக்கிட்டு இருக்கே. எருது விடற விழாவுக்கு வளத்த காளையை லட்ச ரூபா குடுத்து ஓட்டியாந்து, செக்குல பூட்டி, "நல்லா சுத்துது தாத்தா, முட்டவே மாட்டேங்குது"ன்னு சொல்றாப்பல இருக்குது.

கேலி பண்றேன்னு நினைக்காதே. கேலிதான் பண்றேன். ஆனா அதுல பாதி பாராட்டு. வெறும் சத்தத்துக்காக வாங்கினவன் சத்தத்தோட நின்னுபோறான். நீயாவது கொறைக்கணும்னு உக்காந்தே பாரு. உங்க அப்பனுக்கு அந்தப் புத்தி நாப்பத்தஞ்சு வயசுலதான் வந்துச்சு.

எனக்கு என்ன தெரியும்னு பாக்கறியா? பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாத்தவன்டா நான். பேரலுக்குள்ள எட்டிப் பாத்தே பாதிக் கண்ணு போச்சு. போன தடவை நீ விட்டுட்டுப் போனியே, தோட்டா கெட்டிக்கிற புத்தகம், அதையும் வெத்தலை போட்டுக்கிட்டே அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படிச்சேன். அங்கங்க செவப்பா இருந்தா அது ரத்தம் இல்ல, வெத்தலைச் சாறு.

இந்த 44 எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? 1907லயே 44 ஸ்பெஷல்னு ஒண்ணு இருந்துச்சு. தங்கமான தோட்டா. நொடிக்கு இருநூத்தி முப்பது மீட்டர் வேகத்துல குண்டு போகும், சாதுவா உதைக்கும், சொன்ன இடத்துல படும். அமெரிக்காவுல ஐடஹோவுல எல்மர் கீத்னு ஒருத்தர், மாடு மேய்க்கிற பண்ணைக்காரர். தலையில பெரிய தொப்பி. அவருக்கு அது பத்தல. கூட ஒரு சிட்டிகை, கூட ஒரு சிட்டிகைன்னு அதுல மருந்தைக் கெட்டிச்சுக்கிட்டே இருந்தார். அதுக்கு முன்னாடி, 1920கள்ல ஒரு கொண்டாட்டத்துல சுட்டப்போ அவர் கையில இருந்த பழைய 45 கோல்ட்டோட சிலிண்டரே பிளந்துபோச்சு. நம்மூர்க்காரனா இருந்தா அதோட மொட்டை போட்டு ஒதுங்கியிருப்பான். அந்த மனுஷன் கம்பெனிகளை விடாம நச்சரிச்சார். 1955, 56 வாக்குல ஸ்மித் அண்ட் வெசனும் ரெமிங்டனும் சேர்ந்து 44 மேக்னத்தைக் கொண்டாந்தாங்க. நொடிக்கு நானூத்தி இருபது மீட்டருக்கு மேல. 1971ல டர்ட்டி ஹாரின்னு ஒரு சினிமா வந்து, நாயகன் இதைக் கையில பிடிச்சு நின்னான். அப்புறம் கடைக்காரனுக்குக் கை ஓயல.

இதுல வேடிக்கை என்னன்னா, அப்படி வாங்கினவங்கள்ல பல பேரு ஒரு டப்பா சுட்டுட்டு, ஐம்பது வருஷத்துக்கு முந்தின அதே 44 ஸ்பெஷல் வலுவுக்குத் திரும்பி வந்துட்டாங்க. காவேரியில நீச்சலடிச்சு அக்கரைக்குப் போயி, தண்ணி மொண்டுக்கிட்டு, மறுபடி நீச்சலடிச்சு இக்கரைக்கு வந்தாப்பல.

"அப்போ நேரா 44 ஸ்பெஷலையே போட்டுச் சுடலாமே தாத்தா"ன்னு உன் தங்கச்சி கேட்டா. கெட்டிக்காரி. போடலாம், உள்ள உக்காரும். ரெண்டும் ஒரே குடும்பம். மேக்னம் கூடு மூணு மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். ஆனா குட்டையான கூட்டைப் போட்டுச் சுட்டுக்கிட்டே இருந்தா, அது முடியற இடத்துல சிலிண்டர் அறைக்குள்ள கரியும் ஈயமும் வளையமாப் பிடிச்சுக்கும், களிப்பானையில அடி பிடிச்சாப்பல. அப்புறம் நீளக் கூட்டை நுழைச்சா அந்த வளையத்துல முட்டிக்கிட்டு நிக்கும். அதுக்குத்தான் விவரம் தெரிஞ்சவன் நீளக் கூட்டுக்குள்ளயே கொஞ்சமா மருந்து போட்டுக்கிறான். நீ பண்றது சரிதான். ஏன் சரின்னு உனக்குத் தெரியாம பண்றே, அதுதான் எனக்குச் சிரிப்பு.

இனிமேதான் விஷயம். காதைக் குடு.

மருந்து கூடினா ஆபத்துன்னு ஊருல சின்னப் பையனுக்கும் தெரியும். கொறைஞ்சா ஆபத்துன்னு பெரியவனுக்கே தெரியாது. இந்தா பாரு, என் கணுக்கால்ல தழும்பு. எனக்குப் பன்னெண்டு வயசு, எங்க மாரியம்மன் பண்டிகை. அப்போ அதிர்வேட்டுன்னா இரும்புக் குழாய்தான். மருந்து போட்டு, மேல செங்கல் பொடி போட்டு, கம்பியால இடிச்சுக் கெட்டிப்பாங்க. அந்த வருஷம் செலவைப் பாத்தவர் ஒரு மகா சிக்கனம். "அரை அளவு போட்டாலும் சத்தம் வரும்ப்பா"ன்னுட்டார். நெருப்பு வச்சாங்க. டம்முன்னு வரணும், "புஸ்"ஸுன்னு வந்துச்சு. ஜனம் சிரிச்சுது. அந்த அவமானத்துல வேட்டுக்காரரோட கையாளு, குழாய்க்குள்ள என்ன மிச்சம் இருக்குதுன்னு பாக்காம, அதுக்கு மேலயே முழு அளவைக் கெட்டிச்சுட்டான். அடிச் செங்கல் பொடி உள்ளயே அடைச்சுக்கிட்டு இருக்குது. குழாய் வாழைப்பூ மாதிரி விரிஞ்சுது. ஒரு சில்லு என் கால்ல. பண்டிகை முடியற வரைக்கும் அம்மன் என்னை மட்டும்தான் பாத்தான்னு உங்க கொள்ளுப்பாட்டி சொல்லிக்கிட்டே இருந்தா.

உன் ரிவால்வர்லயும் அதே கதைதான். மருந்து ரொம்பக் கொறைஞ்சா குண்டு பேரலை விட்டு வெளிய வராது. பாதியில கோபிச்சுக்கிட்டு உக்காந்துக்கும். ரிவால்வருக்கு இன்னொரு குறையும் உண்டு: சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல முடி அளவுக்கு இடைவெளி, அதுல ஆவி கசியும். இருக்கிற கொஞ்சத்துலயும் அங்க ஒரு பங்கு போயிடும், தாலுக்கா ஆபீஸ் வாசல் மாதிரி. நீ பாட்டுக்கு "இன்னைக்கு ரொம்ப சாதுவா இருக்குதே"ன்னு சந்தோஷமா அடுத்த தடவை அழுத்துனே, பின்னால வர்ற குண்டு முன்னால இருக்கிறதுல முட்டி, பேரல் புடைக்கும், இல்ல பிளக்கும். சத்தம் வித்தியாசமா "புஸ்"ஸுன்னு வந்துச்சா, நிறுத்து. வாயை முன்பக்கமாவே வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் இரு. அப்புறம் எல்லாத் தோட்டாவையும் எடுத்துட்டுப் பேரலைப் பாரு. இதுல வெக்கம் என்ன வேண்டிக்கிடக்குது? ஜனம் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது.

குண்டுலயும் சங்கதி இருக்குது. வெறும் ஈயக் குண்டு வழுக்கிக்கிட்டுப் போயிடும். செம்புச் சட்டை போட்ட குண்டு பேரலை இறுக்கிப் பிடிக்கும். அதுக்குக் கொஞ்சம் மருந்து போட்டா நடுவழியில நின்னுடும். பத்தியச் சாப்பாட்டுக்காரன் முதுகுல மூட்டை ஏத்தக் கூடாது.

அடுத்தது இன்னும் மோசம். நம்ம 44 கூடு பெரிய கூடு. அந்தக் குடும்பமே கரிமருந்துக் காலத்து வாரிசு. படி மருந்து பிடிக்கிற குதிரு. இப்போ புகையில்லா மருந்து கொஞ்சூண்டு போட்டா அது அடியில எங்கயோ ஒட்டிக்கிட்டுக் கிடக்கும், பெரிய வீட்டுல கடைசிக் கிழவனாட்டம். நீ துப்பாக்கியைக் கீழ சாய்ச்சா முன்னால வரும், மேல தூக்கினா பின்னால போகும். அதுக்குத் தக்கன ஒரு தடவை வேகமாப் போகும், ஒரு தடவை சோம்பலாப் போகும். இது சில்லறைத் தொல்லை. பெருந்தொல்லை என்னன்னா, அந்தக் கூட்டுல நீ மறந்து ரெண்டு தடவை போட்டாலும் வெளிய தெரியாது. நிரம்பி வழியாது. வீட்டுக்குள்ள இருந்து பொண்டாட்டி "பால் பொங்குது"ன்னு கூப்பிடுவா, போயிட்டு வருவே, போட்ட கூட்டுலயே மறுபடி போடுவே. பத்தியச் சோறுன்னு நினைச்சுப் பரிமாறினது கல்யாண விருந்தாப் போயிடும். இலை மட்டும் இல்ல, கையும் போயிடும்.

இதுக்குன்னே டிரெயில் பாஸ்னு ஒரு மருந்து ஆஸ்திரேலியாவுல பண்ணினாங்க. ஒவ்வொரு துணுக்கும் சின்ன வடை மாதிரி நடுவுல ஓட்டை. பொரி மாதிரி பொம்முன்னு இருக்கும். எடை கொஞ்சம், இடம் நெறைய. ரெண்டு தடவை போட்டா மூட்டை வழிஞ்சு ஊரே பாக்கும். புத்தியுள்ளவன் பண்ணின வேலை. இதுக்கு நேர் எதிரா எச் 110 மாதிரி மருந்தும் இருக்குது; கொழுத்த தோட்டாவுக்குன்னே பொறந்தது. அதைக் குறைச்சுப் போடாதேன்னு பண்றவனே எச்சரிக்கை போட்டிருக்கான். அதுல போயி "நான் பாதி போட்டுப் பாக்கறேன்"னு விஞ்ஞானம் பண்ணாதே.

எத்தனை அளவுன்னு என்னைக் கேக்காதே. சொல்ல மாட்டேன். மருந்து பண்றவன் அச்சடிச்ச புத்தகம் எதுக்கு இருக்குது? அதுல இருக்கிற கீழ் அளவுக்குக் கீழ போகாதே, மேல் அளவுக்குக் கிட்டயே போகாதே. பக்கத்து வீட்டு டெக்சாஸ்காரன் சொன்னான், சினேகிதன் சொன்னான்னு எவன் சொன்ன அளவையும் போடாதே. நம்ம நாட்டு வைத்தியத்துல இப்படித்தான், கேட்டவன் பொழைச்சான், கேட்டதை இன்னொருத்தனுக்குச் சொன்னவன் கொலைகாரனானான்.

அந்தத் தராசு படத்தைக் காட்டு. அட, கையகலம்தான் இருக்குது. இதுல வர்றது கிரெய்ன் கணக்கா? வெள்ளைக்காரன் தானிய மணியை வச்சு எடை போட்டான். நம்ம ஆசாரி குன்றிமணியை வச்சுப் போட்டான். ஒரு கிரெய்ன் அறுபத்தஞ்சு மில்லிகிராம். ரெண்டு கிரெய்ன் சேர்ந்தா ஏறக்குறைய ஒரு குன்றிமணி. ஒரு கிரெய்ன்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் இது காட்டுதா? அடேங்கப்பா. தராசைப் பத்தி அப்புறம் பேசறேன், ஞாபகப்படுத்து.

இப்போ சுடற கதைக்கு வர்றேன். மருந்தைக் கொறைச்சுட்டே, மணிக்கட்டு வீக்கம் இறங்கிடுச்சு, வட்டத்துல படுதா? படல. வீடியோவுல பாத்தேனே, சுடறதுக்கு முன்னாடியே கண்ணை இறுக்கி மூடிக்கிறே. ஊசி போட வந்த நர்சைப் பாத்த பிள்ளை மாதிரி. அது பழைய உதையோட பயம். மருந்தைக் கொறைச்ச அன்னைக்கே பயமும் கொறையுமா? அது கடன் மாதிரி, அசலைக் கட்டினப்புறமும் வட்டி ஓடும். ஆறு அறையில ரெண்டுல வெத்துக் கூடு போட்டு, எது எங்கன்னு தெரியாம சிலிண்டரைச் சுத்தி விடச் சொல்லு உன் பொண்டாட்டியை. வெத்துக் கூட்டுல விசையை அழுத்தும்போது துப்பாக்கி மூக்கு கீழ குத்தும் பாரு, அப்போ உனக்கே வெக்கமா இருக்கும். வேற யாரும் சொல்ல வேண்டாம்.

கொறைச்சாத்தான் குறி படும்ங்கிறது எங்களுக்குப் பழைய பாடம். சின்ன வயசுல கம்பங்கொல்லையில பரண் மேல நின்னு கவண் சுத்துவோம். பெரிய கல்லா எடுக்கறவன் புதுசா வந்தவன். அவனுக்குத் தோள்பட்டைதான் வலிக்கும், கிளி கம்பைத் தின்னுக்கிட்டே அவனை வேடிக்கை பாக்கும். பழகினவன் கோலிக்குண்டு அளவுல உருண்டைக் கல்லா பொறுக்கி இடுப்புல முடிஞ்சு வச்சிருப்பான்.

நீ ஒலிம்பிக்குக்குப் போறேன்னு உங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கா. அவளுக்கு யாரு சொல்றது? 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல்னு ஒரு போட்டி இருக்குது, உலகப் போட்டிகள்ல உண்டு, ஒலிம்பிக்ல இல்ல. அதுலயும் பேரல் அளவு 9.65 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உன்னுது பதினொண்ணுக்குக் கிட்ட. மேக்னமும் ஆகாது. வாசல்லயே செருப்போட சேர்த்து விட்டுட்டு வரச் சொல்லுவான். அந்தப் போட்டிக்குப் பெரும்பாலும் எல்லாரும் வச்சிருக்கிறது பாயின்ட் 32, பரமசாது. குண்டோட மூக்கு தட்டையா, வெட்டினாப்பல இருக்கும்; காகிதத்துல குத்தினா ஓட்டை பட்டன் மாதிரி சுத்தமா விழும், மார்க் போடறவனுக்குச் சண்டை இல்ல. 2006ல தோஹா ஆசியப் போட்டியில நம்ம ஜஸ்பால் ராணா அந்தப் போட்டியில அறுநூத்துக்கு ஐந்நூத்தித் தொண்ணூறு அடிச்சு உலக சாதனையைச் சமன் பண்ணினார். உடம்புல காய்ச்சல் வேற. உனக்கு ஜலதோஷம்னாலே லீவு. அவர்தான் பின்னால மனு பாக்கருக்குப் பயிற்சி குடுத்தது. அந்தப் பொண்ணு 2024ல பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் கொண்டாந்துச்சு. எதை வச்சு? காத்துப் பிஸ்டல். நாலரை மில்லிமீட்டர் ஈயக் குருணை. மருந்தே கிடையாது. கொறைச்சுக் கொறைச்சு நீ போக வேண்டிய இடம் அதுதான் கண்ணு, பூச்சியம்.

நம்ம கான்பூர்ல அரசாங்கமே 32ல ரிவால்வர் பண்ணுது. வெள்ளைக்காரன் விட்டுட்டுப்போன வெப்ளியைப் பாத்துப் பண்ணினது. அதை வாங்கி பீரோவுல சேலைக்கு அடியில வச்சிருக்கிற பெரிய மனுஷங்களை எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைச்சு, விருந்தாளிக்குக் காட்டி, திரும்ப வச்சுடுவாங்க. இந்தக் கூத்தை ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பொம்பளைப் புலவர் பாத்துட்டா. நம்ம தகடூர் ராசா அதியமானுக்காகத் தொண்டைமான்ங்கிற ராசாகிட்டத் தூது போனா ஔவை. அவன் பெருமையா ஆயுதசாலையைத் திறந்து காட்டினான். நெய் பூசி, மயில் பீலி சூட்டி, மாலை போட்டு வரிசையா வச்சிருந்தான். ஆகா எவ்வளவு பளபளப்பு, எங்க ஆளுடையது நுனி முறிஞ்சு எப்பவும் கொல்லன் பட்டறையிலதான் கிடக்குதுன்னு சொன்னா. புறநானூறுல தொண்ணூத்தஞ்சாம் பாட்டு, எடுத்துப் படி. புகழ்ந்தாளா, செருப்பால அடிச்சாளான்னு அவனுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். நையாண்டிக்குக் குலகுரு அவதான்.

அந்த வகையில உன் கார் ஷெட்டு எனக்குப் பிடிச்சிருக்குது. கையில கரி இருக்குது. மயில் பீலி இல்ல.

ஆனா ஒண்ணு. அந்தக் கெட்டிக்கிற கருவியை இங்க கொண்டாந்து எனக்குப் பரிசு குடுக்கலாம்னு ஒரு யோசனை ஓடுது உன் மூஞ்சியில. வேண்டாம்ப்பா. இங்க 1959 ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாம தோட்டா செஞ்சா 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஏழு வருஷத்துக்குக் கொறையாத சிறை. டெக்சாஸ்ல பொழுதுபோக்கு, பென்னாகரத்துல கம்பி எண்ற வேலை. நம்ம மலையோரத்துல ஒரு காலத்துல நாட்டுத் துப்பாக்கி பல வீட்டுல கூரைக்குள்ள சொருகி இருக்கும், பன்னி விரட்ட. 1972ல வனவிலங்குச் சட்டம் வந்தும் கொஞ்ச நாள் கூரை கனமாத்தான் இருந்துச்சு. அப்புறம் போலீசும் வனத்துறையும், தானா ஒப்படைச்சா வழக்கு இல்லன்னு தண்டோரா போட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா ஊர் எல்லையில, புதர்ல, துப்பாக்கியா மொளைச்சுது. யாரு வச்சதுன்னு யாருக்கும் தெரியாது. 2022ல நம்ம மாவட்டத்துக் காட்டையும் கிருஷ்ணகிரிக் காட்டையும் சேர்த்து காவேரி தெற்கு சரணாலயம்னே ஆக்கிட்டாங்க.

எங்க வீட்டுக் கூரையிலயா? இருந்துச்சு, ஒரு உலக்கை. சின்ன உலக்கை. உங்க பாட்டி எதுக்கு இருமறா?

ஆசை அடங்கலன்னா உன் தங்கச்சிக்கு ஒரு காத்துப் பிஸ்டல் வாங்கிக் குடு. பாயின்ட் 177 அளவுக்குள்ள, இருபது ஜூல் வலுவுக்குள்ள இருந்தா 2016 விதிப்படி உரிமம் தேவையில்ல. பத்து மீட்டர், நம்ம மாட்டுக் கொட்டாய் நீளம் சரியா இருக்கும், பின்னால மண் சுவரும் இருக்குது. வட்டத்தோட நடுப்புள்ளி பதினொண்ணரை மில்லிமீட்டர், ஒரு ரூபாய்க் காசுல பாதிதான் இருக்கும். அவ உன்னை விட நல்லா அடிப்பா. ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும். கண்ணை மூட மாட்டா அவ.

சரி, தராசு. ஞாபகப்படுத்துன்னு சொன்னேன், நீ மறந்துட்டே, நான் மறக்கல. போன ஐப்பசியில உங்க பாட்டி தோட்டை அடகுக்கடையில வச்சு, மாசியில மீட்டேன். கையில வாங்கினதிலிருந்து ஒரு குன்றிமணி எடை கொறையுதுன்னு இவ சாப்பாடு போடும்போதெல்லாம் சொல்றா. கடைக்காரன் இல்லவே இல்லங்கிறான். கிரெய்ன்ல பத்துல ஒரு பங்கு காட்டற தராசு நம்ம வீட்டுல இல்ல. அடுத்த பொங்கலுக்கு வரும்போது துப்பாக்கியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், அந்தத் தராசை மட்டும் பெட்டியில வச்சுக் கொண்டா.